வரன் பாக்கற வெப்சைட் நடத்தறது குத்தமாங்க? மத்திய ஐடி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துல இன்டர்மீடியரி (அடுத்தவங்க போடற தகவல வச்சு நடக்கற சைட்டுங்க) விதி எழுதற அதிகாரிங்களுக்கு,

1,200 ரூபாய்க்காக என் கரண்ட் அக்கவுண்ட்ட முடக்கி இன்னியோட 74 நாள் ஆச்சு. உள்ள கிடக்கறது 2,86,000. எங்கிட்ட வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்க சம்பளம், சர்வர் வாடகை, எஸ்எம்எஸ் காசு எல்லாம் அதுலதான். அவங்களுக்கு போனஸ் குடுக்கறேன்னு சொல்லியிருந்தேன், கடைசில சம்பளமே என் தாலிக்கொடிய அடகு வச்சுத்தான் குடுத்தேங்க.

நான் ஈரோட்ல மறுமணத்துக்கு மட்டும் வரன் பாக்கற ஒரு சின்ன வெப்சைட் நடத்தறேன். 2022-ல ஆரம்பிச்சது. ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், திருப்பூர் பக்கத்து ஆளுங்கதான் அதிகம், வேலைக்கு பெங்களூரு பக்கம் போனவங்களும் இருக்காங்க, மொத்தமா 3,100 ப்ரொஃபைல். ஆறு மாசத்துக்கு 1,200 ரூபா. பெரிய மேட்ரிமோனி கம்பெனிங்க இருக்கறப்ப இது எதுக்குன்னு கேப்பீங்க. என் தங்கச்சி 29 வயசுல தாலி அறுத்தவ. அவளுக்காக எல்லா சைட்லயும் பணம் கட்டினோம், வந்த போன்ல பாதி தப்பான எண்ணத்துல வந்த போன். அப்பத்தான் நாமளே ஒண்ணு ஆரம்பிச்சா என்னன்னு தோணுச்சு.

எங்கப்பா தரகர். ஊதா அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டுதான் அவரு சர்வர். மாப்ள வீட்ட பத்தி விசாரிக்கணும்னா பஸ் ஏறி அந்த ஊருக்கே போயி டீக்கடைல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வருவாரு. குடிப்பானா, கடன் இருக்கா, மொத சம்சாரம் ஏன் போனா, எல்லாம் அங்கயே தெரிஞ்சுரும். அப்படியும் அவரு முடிச்சு வச்சதுல நாலஞ்சு கல்யாணம் நாறிப்போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல வந்து திட்டுவாங்க, அப்பா தலைய குனிஞ்சு நிப்பாரு, வாங்கின வேட்டியையும் 500 ரூபாயையும் திருப்பிக் குடுத்துருவாரு. ஆனா ஒருநாளும் போலீஸ் அவர குத்தவாளின்னு கூப்பிட்டதில்ல. அதே தொழில நான் கம்ப்யூட்டர்ல பண்றேன், இப்ப வேற மாநிலத்து ஸ்டேஷன்ல ஒரு கேஸ்ல என் பேரும் இருக்கு.

நடந்தத சொல்லிடறேன். போன ஐப்பசில ஒருத்தன் சேர்ந்தான். பூர்வீகம் திருச்செங்கோடு, மரைன் இன்ஜினியர், ராட்டர்டாம்ல வேலை, சம்சாரம் செத்து மூணு வருஷம்னு போட்டிருந்தான். பாஸ்போர்ட் காப்பி, டெத் சர்டிபிகேட் ரெண்டும் குடுத்தான். நானே வீடியோ கால்ல பேசினேன், முகம் போட்டோவோட ஒத்துப்போச்சு, கொங்குத் தமிழ் சுத்தமா பேசினான். பாஸ்போர்ட் போலின்னு எனக்கு தெரியல. அத ஒத்துக்கறேன், ஆனா ஜெராக்ஸ பாத்து போலி பாஸ்போர்ட்ட கண்டுபிடிக்கற அளவுக்கு எனக்கு கண்ணு இல்லீங்க, உங்ககிட்ட இருக்கற யாருக்காவது இருந்தா சொல்லுங்க, கத்துக்கறேன்.

மார்கழில கரூர்லருந்து ஒரு டீச்சரம்மா போன் பண்ணி, "ஏம்மா, அந்த ஆளு பார்சல் அனுப்பிருக்கேன், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, 45,000 கட்டுங்கறான், இது சரியாத் தெரியலையே"ன்னாங்க. ரெண்டு மணி நேரத்துல அவன ப்ளாக் பண்ணி, அவன் பேசியிருந்த 14 பேருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பி, அன்னிக்கு சாயங்காலமே ஒரு ஸ்டேஷனுக்கும் போனேன். "உங்க பணம் எவ்வளவும்மா போச்சு?"ன்னு கேட்டாங்க. என் பணம் எதுவும் போகலைங்க சார், ஆனா இவன் மத்தவங்கள ஏமாத்தப் போறான்னு சொன்னேன். பணம் போனவங்க வந்து குடுக்கட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எழுதிக்கிட்டுப் போன மனுவ கூட வாங்கல.

அந்த 14 பேர்ல ஒருத்தங்க, பெங்களூருல இருக்கற ஒரு அம்மா, ஏற்கனவே ரெண்டு தவணை அனுப்பியிருந்தாங்க. எங்க எஸ்எம்எஸ் போனப்புறமும் ரெண்டு தவணை அனுப்பினாங்க, ஏன்னா அவன் வாட்ஸ்அப்ல, "அந்த சைட்காரிக்கு கமிஷன் குடுக்கல, அதான் நம்மள பிரிக்கப் பாக்கறா"ன்னு சொல்லியிருக்கான். மொத்தம் 3,40,000 போச்சு. அந்தம்மா புகார் குடுத்தது ரொம்ப சரி. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அப்புறம்தான் என் கதை. தை மாசம் ஒரு வெள்ளிக்கெழம ராத்திரி மெயில்ல பிடிஎஃப் நோட்டீஸ், அதுவும் ஸ்பாம்ல போயி விழுந்து கிடக்கு. பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ல நோட்டீஸ், மூணு நாள்ல வேற மாநிலத்துல இருக்கற அந்த ஸ்டேஷன்ல ஆஜராகணும், பிரிவு ஏமாத்துனதுக்கான பிஎன்எஸ் (புது தண்டனைச் சட்டம்) 318(4), கம்ப்யூட்டர் வழியா ஆள் மாறாட்டம் பண்ணி ஏமாத்துனதுக்கான ஐடி ஆக்ட் 66டி. மொதல் பிரிவுக்கு 7 வருஷம் வரைக்கும், ரெண்டாவதுக்கு 3 வருஷம் வரைக்கும். திங்கக்கெழம காத்தால பேங்க்ல கார்டு வேலை செய்யல. போயி கேட்டா, அவன் எனக்கு கட்டின 1,200 ரூபா வேற யார்கிட்டயோ அடிச்ச காசாம், அதனால அந்தக் காசு போன எல்லா அக்கவுண்ட்டும் ஃப்ரீஸாம். 1,200-க்கு மட்டும் லியன் போடுங்க, அதாவது அந்தத் தொகைய மட்டும் புடிச்சு வைங்கன்னு கெஞ்சினேன். போலீஸ் அனுப்பின மெயில்ல முழு அக்கவுண்ட்னுதான் இருக்கு மேடம்னு மேனேஜர் கைய விரிச்சுட்டாரு. இத்தனைக்கும் 2024-லயே சென்னை ஹைகோர்ட், முழு அக்கவுண்ட்டயும் முடக்கக்கூடாது, சந்தேகப்படற தொகைக்கு மட்டும் நிறுத்தி வைங்கன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா அத அமல்படுத்த வைக்கணும்னா நானும் ஹைகோர்ட்டுக்கு ஒரு ரிட் போடணுமாம். 1,200 ரூபாய்க்கு!

நான் ஓடி ஒளியல. 72 மணி நேரம் ஆகறதுக்குள்ள அவன் ஐபி லாக், போன் நம்பர், பாஸ்போர்ட் காப்பி, யுபிஐ ரெஃபரன்ஸ், ப்ளாக் பண்ண நேரம், 14 எஸ்எம்எஸ்ஸோட டெலிவரி ரிப்போர்ட், எல்லாத்தையும் அனுப்பிட்டேன். அப்படியும் வக்கீல் நேர்ல போயே ஆகணும்னாரு. வீட்டுக்காரரோட ரயில் ஏறிப் போனேன். காத்தால 10 மணிலருந்து சாயங்காலம் 5 வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தோம், விசாரணை 40 நிமிஷம். அந்த ஆபீசர் மரியாதையாத்தான் பேசினாரு, டீ கூட வாங்கிக் குடுத்தாரு. ஆனா அவரு கேட்ட மொதக் கேள்வி, "இதுல உங்க ஷேர் எவ்வளவு?" போக்குவரத்து, லாட்ஜ், ரெண்டு ஊர் வக்கீல் ஃபீஸ் சேத்து 61,000 செலவு. அவன் கட்டினது மாதிரி 50 பேர் சந்தா.

இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. பிஎன்எஸ்எஸ் 179-ல ஒரு பொம்பளைய சாட்சியா விசாரிக்கணும்னா அவ குடியிருக்கற எடத்துலதான் விசாரிக்கணும், வேற எங்கயும் வரச்சொல்லக்கூடாதுன்னு இருக்கு. என்ன சாட்சின்னு நெனச்சிருந்தா அவங்க ஈரோட்டுக்கு வந்திருக்கணும். குத்தம் சாட்டப்பட்டவன்னு 35(3) போட்டதால நான் போனேன். ரெண்டு நோட்டீசுக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஆபீசர் எந்த ஃபார்ம எடுக்கறாருங்கறது மட்டும்தான். அவரு என்ன சாட்சியா பாக்கணும்னா, "இந்தம்மா வெறும் இன்டர்மீடியரி, செய்ய வேண்டியத செஞ்சிருக்காங்க"ன்னு அவருக்கு எங்கயாவது எழுதியிருக்கணும். அப்படி எழுத வேண்டியது நீங்க. அதனாலதான் இந்த மடல் போலீசுக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

சைட்காரங்கள காப்பாத்த ஐடி ஆக்ட்ல 79-வது பிரிவு இருக்கேன்னு சொல்லுவீங்க. எங்க வக்கீலும் மொதல்ல அதத்தான் சொன்னாரு. அந்தப் பிரிவு இப்ப இருக்கற மாதிரி எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். 2004 டிசம்பர்ல பாஸி டாட் காம் சிஇஓ அவ்னீஷ் பஜாஜ அரெஸ்ட் பண்ணாங்க, யாரோ ஒரு பையன் அந்த சைட்ல ஒரு ஆபாச வீடியோவ விக்க போட்டதுக்கு. அந்த கலாட்டாவுக்கு அப்புறம்தான் 2008-ல சட்டத்த திருத்தி, 2009 அக்டோபர்ல அமலுக்கு கொண்டு வந்து, அடுத்தவன் போட்ட தகவலுக்கு சைட்காரன் பொறுப்பில்லன்னு வச்சீங்க. பஜாஜ் மேல இருந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்ல ஒழிஞ்சது 2012-ல. அவருக்கு பின்னாடி பெரிய கம்பெனி இருந்துச்சு, அதனால ஏழு வருஷத்துக்கு மேல இழுத்தும் தாக்குப்புடிச்சாரு. நான் கம்பெனி கூட இல்லீங்க, புரொப்ரைட்டர்ஷிப், கேஸ்னா நேரா என் வீட்டுக் கதவுதான். (ஆடிட்டர் பிரைவேட் லிமிடெட்டா மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு, கேக்கல, அது என் முட்டாள்தனம். ஆனா மாத்தியிருந்தாலும் ஐடி ஆக்ட் 85-ல கம்பெனிய நடத்தற ஆளு, எனக்கு தெரியாம நடந்துச்சுன்னோ நான் கவனமா இருந்தேன்னோ நிரூபிச்சாத்தான் தப்பிக்க முடியும்.)

அந்த 79 எனக்கு செல்லுமாங்கறதே சந்தேகம், இதுதான் நீங்க உக்காந்து யோசிக்க வேண்டிய எடம். அந்தப் பாதுகாப்பு வேணும்னா சைட்காரங்க தகவல் யாருக்கு போகணும்னு தேர்ந்தெடுக்கக்கூடாது, தகவல்ல கை வைக்கக்கூடாதுன்னு நிபந்தனை. நான் பண்ற தொழிலே யாரோட வரன் யாருக்கு போகணும்னு தேர்ந்தெடுக்கறதுதானுங்க! வயசு, ஊரு, கொழந்தை இருக்கா, ஜாதகம் பாக்கணுமா வேண்டாமா, எல்லாம் பாத்து ஒருத்தருக்கு பத்து ப்ரொஃபைல் காட்டறோம். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, "இவங்கதான் அந்த ஏமாத்துக்காரன அந்தம்மாவுக்கு தேர்ந்தெடுத்து காட்டினாங்க"ன்னா நான் என்ன பதில் சொல்றது?

கை வைக்கறதும் அப்படித்தான். எங்க சைட்ல வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது, "பொண்ணுக்கு 60 பவுன், கார், காங்கயம் ரோட்ல ஒரு சைட் எழுதி வைப்போம்"னு போட்டுருவாங்க (இந்த சைட் வேற, வீட்டு மனை). அத அப்படியே விட்டா வரதட்சணை தடுப்புச் சட்டம் 4ஏ. கல்யாணத்துக்கு ஈடா சொத்து, பணம் தர்றோம்னு விளம்பரம் போட்டவனுக்கும் தண்டனை, அத வெளியிட்டவங்களுக்கும் தண்டனை, ஆறு மாசத்துலருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 15,000 வரைக்கும் அபராதம். அதனால எங்க பொண்ணுங்க அந்த வரிய அடிச்சுட்டு ப்ரொஃபைல திருத்திப் போடறாங்க. திருத்தினா தகவல்ல கை வச்ச மாதிரி. திருத்தலன்னா வரதட்சணை விளம்பரம். உங்க 2021 இன்டர்மீடியரி விதில, தப்பான தகவல தானா எடுத்துட்டா 79 பாதுகாப்பு போகாதுன்னு ஒரு வரி சேத்தீங்க, அதுக்கு நன்றி. ஆனா அது எடுக்கறதுக்கு மட்டும். சரிபாக்கறதுக்கும், பொருத்திக் காட்டறதுக்கும், திருத்தறதுக்கும் ஒரு வார்த்தை கூட இல்ல. அப்ப எதையும் சரிபாக்காம தெறந்து விட்டவன் "நான் வெறும் பலகை"ன்னு தப்பிச்சுக்குவான், நேர்மையா விசாரிச்சவதான் மாட்டிக்குவா.

விசாரிக்கச் சொன்னதும் நீங்கதான். 2016 ஜூன்ல மேட்ரிமோனி சைட்டுங்களுக்குன்னே ஒரு அட்வைசரி போட்டீங்க. இது கல்யாணத்துக்கு மட்டும், டேட்டிங்குக்கு இல்லன்னு சைட்ல போடணும், சேர்றவங்ககிட்ட அடையாள அட்டை வாங்கணும், ஐபி அட்ரஸ் அக்கவுண்ட் மூடினப்புறமும் ஒரு வருஷம் வச்சிருக்கணும், குறை கேக்க ஒரு ஆபீசர் போடணும், ஏமாந்துராதீங்கன்னு எச்சரிக்கை போடணும்னு. எல்லாம் நியாயம்தான், எல்லாம் பண்ணியிருக்கேன், அந்த குறைதீர் ஆபீசரும் நான்தான். ஆனா இதெல்லாம் பண்ணினா உனக்கு இன்ன பாதுகாப்புன்னு அதுல தெளிவா ஒரு வரி இருந்திருந்தா அத ப்ரிண்ட் போட்டு அந்த ஸ்டேஷன் மேஜைல வச்சிருப்பேன்.

அடையாள அட்டை வாங்குன்னீங்க, வாங்கினது நிஜமான்னு பாக்க வழி குடுக்கல. பிரைவேட் கம்பெனிங்க ஆதார கேக்கறதுக்கு வழி விட்டிருந்த ஆதார் சட்டம் 57-வது பிரிவுப் பகுதிய 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தூக்கிருச்சு, அது நல்ல தீர்ப்பு, நானும் ஆதரிக்கறேன். அப்புறம் 2025 ஜனவரில நீங்க விதிய மாத்தி பிரைவேட்காரங்களும் அனுமதி வாங்கி ஆதார் சரிபாக்கலாம்னு வழி தெறந்தீங்க. அதுக்கு வேண்டிய பேப்பர், ஏற்பாடு, செலவு எல்லாம் பெரிய கம்பெனிங்களுக்கு ஆகும், பேக்கரிக்கு மாடில ரெண்டு ரூம்ல ஆபீஸ் போட்டவளுக்கு ஆகுமா? அப்படியே ஆதார் கெடச்சாலும் மறுமணத்துக்கு அதுல பாதி வேலை நடக்காது. ஆதார்ல பேரு, பொறந்த தேதி, ஆணா பொண்ணா, அட்ரஸ், போட்டோ இருக்கு. கல்யாணம் ஆச்சா, அத்துக்கிட்டாச்சா, சம்சாரம் உசிரோட இருக்காளாங்கறது இல்ல. அதுக்கு டைவர்ஸ் தீர்ப்பு காப்பி வாங்கி, சிஎன்ஆர் நம்பர் (ஒவ்வொரு கேஸுக்கும் இருக்கற தனி நம்பர்) போட்டு கோர்ட்டுங்களோட இ-கோர்ட்ஸ் வெப்சைட்ல தேடுவோம், சிலது வரும், சிலது வராது. டெத் சர்டிபிகேட்ல க்யூஆர் இருந்தா ஸ்கேன் பண்ணுவோம். அந்த ராட்டர்டாம்காரன் குடுத்தது க்யூஆர் இல்லாத பழைய சர்டிபிகேட். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். இப்ப க்யூஆர் இல்லன்னா சேக்கறதே இல்ல, அதனால நெஜமாவே பொண்டாட்டிய இழந்த கிராமத்து ஆளுங்க சில பேரு திரும்பிப் போறாங்க.

எத்தன நாள் டேட்டா வச்சிருக்கணும்ங்கறதுலயும் கொழப்பம். 2016 அட்வைசரில ஒரு வருஷம். 2021 விதில பதிவ ரத்து பண்ணப்புறம் 180 நாள். 2023 தனிநபர் தரவு சட்டம் முழுசா அமலுக்கு வர்றப்ப, வேலை முடிஞ்சதும் அழிக்கணும், வேற சட்டம் கேட்டா மட்டும் வச்சுக்கலாம். ஒரு அம்மாவுக்கு கல்யாணம் முடிஞ்சு, "என் போட்டோ, டைவர்ஸ் தீர்ப்பு காப்பி எல்லாத்தையும் அழிச்சுரு கண்ணு, புது வீட்ல யாரும் பாக்கக்கூடாது"ன்னு கேக்கறாங்க. அவங்க கேக்கறது நியாயம். ஆனா எந்த நம்பர வச்சு நான் பதில் சொல்றது? டேட்டாவ சரியா பாதுகாக்கலன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்ங்கறீங்க. நான் என் வாழ்நாள்ல பாக்கப்போற மொத்தக் காசு அதுல எத்தனாவது புள்ளின்னு கால்குலேட்டர்ல போட்டு பாத்துட்டு சிரிச்சுட்டோம், அப்புறம் சிரிப்பு வரல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லன்னா நான் எங்க ஆளுங்களுக்கு மட்டும் பரிஞ்சு பேசறேன்னு நெனச்சுக்குவீங்க. இந்தத் தொழில்ல திருட்டுப் பசங்க நெறைய பேரு இருக்காங்க. இல்லாத பொண்ணு போட்டோவ போட்டு, சம்பளத்துக்கு ஆள் வச்சு பொண்ணு மாதிரி பேச விட்டு, 40 வயசு பசங்ககிட்ட 5,000, 10,000-னு கறக்கறவங்கள எனக்கே தெரியும். அவங்கள புடிச்சு உள்ள போடுங்க, 79 அவங்களுக்கு வேண்டாம். எனக்கும் மொத்தமா மன்னிப்பு வேண்டாம். புகார் வந்தும் நான் சும்மா இருந்தேன்னு நிரூபிச்சா தண்டனைய வாங்கிக்கறேன். செய்ய வேண்டியத செஞ்சவளையும் செய்யாதவனையும் மொத நாளே பிரிச்சுப் பாருங்கன்னுதான் கேக்கறேன். இப்ப இருக்கற பாதுகாப்பு, கோர்ட்ல கேஸ் நடக்கறப்ப வக்கீல் எடுத்துப் பேசற பாதுகாப்பு. அதுக்குள்ள அக்கவுண்ட் முடங்கிருது, பேரு கெட்டுருது, ஆளு போயிருது. எங்கிட்ட இருந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி போன வாரம் நின்னுட்டா, "அக்கா, எனக்கும் நோட்டீஸ் வருமா?"ன்னு அவங்கம்மா கேட்டாங்களாம்.

அதனால நான் கேக்கறது இதெல்லாம்.

2016 அட்வைசரிய தூக்கிட்டு, வரன் பொருத்தற சைட்டுங்களுக்கு 79-க்குக் கீழ தனியா ஒரு விதி போடுங்க. பயனர் குடுத்த விவரத்த வச்சு பொருத்திக் காட்டறது, அடையாளத்த சரிபாக்கறது, சட்டவிரோதமான வரிய திருத்தறது, இந்த மூணுக்காகவும் 79 பாதுகாப்பு போகாதுன்னு அதுல வெளிப்படையா எழுதுங்க. என்னென்ன செஞ்சா டியூ டிலிஜென்ஸ் (சைட்காரங்க கவனமா செய்ய வேண்டிய வேலை) முடிஞ்சதுன்னு ஒரு பக்கத்துல சொல்லுங்க, அந்தப் பக்கத்த நான் ஸ்டேஷன்ல காட்டற மாதிரி இருக்கணும். டேட்டா வச்சிருக்க ஒரே ஒரு காலக்கெடு சொல்லுங்க. தரவு சட்டம் 17-வது பிரிவுல ஸ்டார்ட்அப்புங்களுக்கு சில கடமைய தளர்த்தலாம்னு இருக்கே, அதுல எங்கள மாதிரி சின்ன ஆளுங்களையும் சேருங்க.

போலீஸ் விஷயம் உள்துறை வேலைன்னு சொல்லுவீங்க, தெரியும். ஆனா கடிதம் எழுதி பேசி வைக்கறது உங்க கையில இருக்கு. விவரம் கேட்டு பிஎன்எஸ்எஸ் 94-ல நோட்டீஸ் குடுங்க, குடுக்கலன்னா அப்புறம் 35(3)-க்கு போங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் ஒரு நடைமுறை போகட்டும். மொத விசாரணை வீடியோ கால்ல நடக்கட்டும். அக்கவுண்ட்ல சந்தேகத் தொகைய மட்டும் நிறுத்தி வைக்கட்டும், யாரு, எந்தக் கேஸ், எந்த நம்பருக்கு போன் பண்ணணும்னு அக்கவுண்ட்காரங்களுக்கு 24 மணி நேரத்துல எழுத்துல வரட்டும்.

பேங்குங்களுக்கு 2024-ல சஸ்பெக்ட் ரெஜிஸ்ட்ரி (சைபர் மோசடில சந்தேகப்படறவங்க பட்டியல்) தெறந்து விட்டிருக்காங்க. பேங்குங்க பாக்கற மாதிரியே அதுல ஒரு போன் நம்பர போட்டு பாக்கற வசதிய எங்களுக்கும் வாங்கிக் குடுங்க. பணம் போகறதுக்கு முன்னாடியே ஏமாத்துக்காரன பத்தி சைட்காரங்க புகார் குடுக்க ஒரு வழி வைங்க, ரசீது நம்பரோட. நான் அன்னிக்கு கொண்டு போன மனு இன்னும் என் மேஜை ட்ராயர்லதான் இருக்கு, தேதி போட்டது.

விதி எழுதறதுக்கு முன்னாடி கருத்துக் கேப்பு வச்சீங்கன்னா அத டெல்லில பெரிய கம்பெனி வக்கீலுங்களோட மட்டும் முடிச்சுராதீங்க. தமிழ்லயும் ஒரு நாள் வைங்க, ஆன்லைன்லயே வைங்க. கோயமுத்தூர், மதுரை, ஈரோடுன்னு என்ன மாதிரி பத்து இருபது பேரு வருவோம். எந்த மாதிரி ஆளு எந்த மாதிரி பொய் சொல்லிட்டு வர்றான்னு எங்கள விட உங்களுக்கு யாரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஈரோட்லருந்து, மறுமண வரன் சைட் நடத்தற ஒருத்தி